முதற் காமிராவைத் தேர்ந்தெடுத்தல்

காமிரா வாங்குவதைப் பற்றி மாணவர் இதழில் ஒரு கட்டுரை வேண்டுமா என்று சிலர் வினவலாம். எழுதுகோல் வாங்குவதற்கு எவரும் கட்டுரை படிப்பதில்லை. ஆனால் எழுதுகோல் சரியில்லை என்றால் பத்து ரூபாயோடு போயிற்று. காமிரா சரியில்லை என்றால் ஈராண்டுச் சேமிப்பு போகின்றது. நம் மன்றத்து உறுப்பினருள் மூவர் இவ்வாண்டு இதே கேள்வியை என்னிடம் கேட்டனர். கைப்பேசியில் படமெடுத்துப் பழகிவிட்டோம், இனி ஒரு நல்ல காமிரா வாங்க வேண்டும், எது நல்லது? மூவருக்கும் தனித்தனியே சொன்னவற்றை ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகின்றேன்.

‘எது நல்லது?’ என்னும் கேள்விக்கு விடை கிடையாது. ‘இப்போது என்னிடம் இருக்கும் கருவியால் எடுக்க முடியாத படம் எது?’ என்று கேட்டால் விடை உண்டு. அந்தப் படம் எது என்று சொல்லத் தெரியாதவர் இன்னும் ஆறு மாதம் கைப்பேசியிலேயே எடுத்துக்கொண்டிருக்கலாம். அவருக்கு நட்டம் ஒன்றுமில்லை.

பொத்தானை அமுக்கினால் போதும், மற்றவற்றைக் கருவியே பார்த்துக்கொள்ளும் என்னும் ஏற்பாடு இன்று நேற்று வந்ததன்று. 1888-இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் விற்ற முதல் கோடக் காமிராவில் நூறு படங்களுக்கான பிலிம் உள்ளே வைத்தே வரும். நூறும் எடுத்தபின் காமிராவையே ஆலைக்கு அனுப்பிவிட வேண்டும். படங்களும் புதுப் பிலிமும் திரும்பி வரும். நம் தாத்தா பாட்டியர் காலத்தில் வீடுதோறும் அறியப்பட்ட ‘அக்பா கிளிக் 3’ அந்த வழியில் வந்ததே. வெயில், மேகம் என்று இரண்டு குறிகள். அதற்கு மேல் மாற்றுவதற்கு ஒன்றுமில்லை. இன்றைய கைப்பேசி அவற்றினும் பன்மடங்கு கெட்டிக்காரக் கருவிதான். எனினும் முடிவு செய்வது அதுவே, நாமல்லோம். அதன் முடிவு நம் விருப்பத்திற்கு மாறாகும் இடத்தில்தான் ‘நல்ல காமிரா’ என்ற பேச்சே தொடங்குகின்றது.

அந்த இடத்தை ஏட்டில் தேட வேண்டியதில்லை. எர்ணாகுளத்திலிருந்து படகேறினால் மட்டாஞ்சேரி. போர்த்துக்கீசியர் 1555-ஐ ஒட்டிக் கட்டிக் கொச்சி மன்னருக்குக் கொடுத்ததும், 1663-இல் டச்சுக்காரர் புதுக்கியதுமான அரண்மனை ஒருபுறம். அதையடுத்து 1568-இல் எழுந்த பரதேசி யூதர் ஆலயம். அதற்கு அப்பால் பஜார் சாலை நெடுகிலும் சரக்குக் கிடங்குகள். சாலையில் நின்றால் கண் கூசும் வெயில். கிடங்கின் வாயிலைத் தாண்டிப் பத்தடி உள்ளே போனால் சுக்கும் மிளகும் மூட்டையாய் அடுக்கிய அரையிருட்டு. கூரையில் பதித்த கண்ணாடி ஓட்டின் வழியே விழும் ஒரு கற்றை ஒளியே விளக்கு. நம் கண் அரை நிமிடத்தில் இரண்டிற்கும் பழகிவிடுகின்றது. ஆதலால் வேறுபாடு எவ்வளவு என்பதை நாம் உணர்வதில்லை. காமிராவின் அளவுமானி உணரும். உச்சி வெயிலுக்கும் அத்தகைய உள்ளறைக்கும் ஒளியில் இரண்டாயிரம் மடங்கு வேறுபாடு எளிதில் காணலாம்.

என்னிடம் கேட்ட மூவருள் ஒருவருக்கு எடுக்க முடியாத படம் எது என்பது நன்றாகத் தெரிந்திருந்தது. மட்டாஞ்சேரிக்கு மேற்கே, ஃபோர்ட் கொச்சியில், வெளி என்னும் பகுதியில் டோபி கானா இருக்கின்றது. (தமிழில் நாம் சொல்லும் வெளிதான், மலையாளத்திலும் அதே சொல்.) அங்கே துணி வெளுப்போர் தமிழ் பேசும் குடும்பத்தினர். டச்சுக்காரர் காலத்தில் படைவீரர் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழ்நாட்டுப் பகுதிகளிலிருந்து அழைத்துவரப்பட்டோரின் வழியினர் என்பர். இந்த நண்பரின் பெரியப்பா அங்கே இஸ்திரி போடுபவர். இவ்வாண்டோடு வேலையை விடப் போகின்றார். அவர் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அவர் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கித் துணிமேல் இறக்கும் அந்தக் கையை நண்பர் பலமுறை கைப்பேசியில் எடுத்திருக்கின்றார். ஒவ்வொன்றிலும் சுவர் தெளிவாக இருக்கும். மேசை தெளிவாக இருக்கும். கை மட்டும் புகையாகக் கலைந்திருக்கும். குறைந்த ஒளியில் கைப்பேசி பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாய்ச் சேர்க்கின்றது. அசையாத பொருளுக்கு அஃது அருமையான உத்தி. அசையும் கைக்கு ஆகாது.

நண்பர் கையில் இருந்தது நாற்பதாயிரம் ரூபாய். இரண்டு விடுமுறைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துச் சேர்த்தது. அவர் மனத்தில் இரண்டு எண்ணங்கள் இருந்தன. ஒன்று, கடன் வாங்கியேனும் ‘ஃபுல் ஃபிரேம்’ காமிரா வாங்குவது. மற்றொன்று, கிடைத்த விலைக்கு மெகாபிக்சல் மிகுந்ததை வாங்குவது. இரவல் காமிரா ஒன்றை எடுத்துக்கொண்டு இருவரும் ஒரு பிற்பகல் வெளிக்குச் சென்று அளந்து பார்த்தோம். அந்த அளவுகளை அப்படியே தருகின்றேன். கணக்குப் போடத் தெரிந்தவர் கடைக்காரர் பேச்சில் மயங்க மாட்டார்.

முதலில் மூன்று சொற்கள். லென்ஸின் துளை எவ்வளவு திறக்கின்றது என்பதைக் காட்டுவது எஃப் எண். எண் சிறிதானால் துளை பெரிது. ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கின்றது என்பது இரண்டாவது. வந்த ஒளியைக் காமிரா எவ்வளவு பெருக்கிக் காட்டுகின்றது என்பது ஐ.எஸ்.ஓ. எண், பிலிம் காலத்துப் பெயர் இன்றும் நிலைத்துவிட்டது. இதை ஏற்றினால் படம் வெளிச்சமாகும். ஆனால் மணல் தூவினாற்போல் புள்ளிகள் தோன்றும். வெயிலில் இம்மூன்றையும் நினைவிற்கொள்ள ஒரு பழைய கணக்கு உண்டு: ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 16, ஷட்டர் 1/125 வினாடி. இதற்கு அளவுமானியே தேவையில்லை.

இனி இஸ்திரி மேசைக்கு வருவோம். இரவல் காமிரா, ‘ஏ.பி.எஸ்-சி’ என்னும் நடுத்தர அளவு உணரி உடையது. அதனோடு வழக்கமாகச் சேர்த்து விற்கப்படும் 18–55 மி.மீ. ஜூம் லென்ஸை 35-இல் நிறுத்தினால் துளை எஃப் 4.5-க்கு மேல் திறவாது. ஐ.எஸ்.ஓ. 1600-இல் மானி காட்டிய ஷட்டர் வேகம் 1/13 வினாடி. இஸ்திரி போடும் கை அதற்குள் ஒரு சாண் போய்விடும். கை தெளிவாக நிற்க வேண்டுமானால் 1/125 வேண்டும், அதற்கு ஐ.எஸ்.ஓ.வை 16,000 வரை ஏற்ற வேண்டும். அங்கே புள்ளிகளுக்கிடையே பெரியப்பாவைத் தேட வேண்டியதுதான். பிறகு அதே உடலில் 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை மாட்டினோம். ஜூம் இல்லை, பார்வைக்குச் சிறியது, கைக்குள் அடங்கும். அதே ஐ.எஸ்.ஓ. 1600-இல் ஷட்டர் 1/80 ஆயிற்று. 2500-க்கு ஏற்றினால் 1/125 கிடைத்துவிட்டது.

ஏன் இவ்வளவு வேறுபாடு? 4.5-ஐ 1.8-ஆல் வகுத்தால் 2.5. துளையின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே 2.5-ஐ 2.5-ஆல் பெருக்கக் கிடைக்கும் 6.25 மடங்கு ஒளி உள்ளே வருகின்றது. இப்போது ஃபுல் ஃபிரேமைப் பார்ப்போம். அதன் உணரி 36 × 24 மி.மீ., பரப்பு 864 சதுர மி.மீ. ஏ.பி.எஸ்-சி உணரி ஏறத்தாழ 23.5 × 15.6 மி.மீ., பரப்பு 367. ஒன்றிற்கொன்று 2.4 மடங்குதான். கடன் வாங்கிப் பெரிய உடலை வாங்கி, அதில் எஃப் 4.5 லென்ஸை மாட்டினால் கிடைப்பது 2.4 மடங்கு, இருக்கும் உடலில் சிறிய லென்ஸ் ஒன்றை மாட்டினால் 6.25 மடங்கு. என் கருத்தில் முதற் காமிரா வாங்குவோர் அறிய வேண்டிய கணக்கு இது ஒன்றே. லென்ஸை முதலில் முடிவு செய்க. உடலை மீதிப் பணத்தில் வாங்குக. கடைகளில் நடப்பது இதற்கு நேர்மாறு.

சிறிய உணரியிலிருந்து ஏ.பி.எஸ்-சிக்கு ஏறுவது வேறு சங்கதி. பழைய சட்டைப்பைக் காமிராக்களின் உணரி சுமார் 28 சதுர மி.மீ.தான், அதனினும் ஏ.பி.எஸ்-சி பதின்மூன்று மடங்கு பெரிது. அந்தப் படியை ஏறுவது வீணன்று. அதற்கு மேலுள்ள படியில்தான் விலை செங்குத்தாகவும் பயன் சரிவாகவும் இருக்கின்றன.

‘காமிராவிலேயே நடுக்கம் தணிக்கும் அமைப்பு உண்டு; பெரிய துளை எதற்கு?’ என்று அன்று அருகிலிருந்த ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அவ்வமைப்பு தணிப்பது படமெடுப்பவர் கையின் நடுக்கத்தை. படத்திலுள்ளவர் கை அசைவதை அது நிறுத்தாது. யூதர் ஆலயத்தின் விளக்குகளுக்கு அது போதும். இஸ்திரி போடுபவருக்குப் போதாது.

பெரிய துளைக்கும் விலையுண்டு. ஒன்றரை மீட்டர் தொலைவில் 35 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-இல் திறந்தால் தெளிவாய் இருக்கும் ஆழம் ஏறத்தாழ 13 சென்டிமீட்டர். இஸ்திரிப் பெட்டியைக் குறிவைத்தால் முகம் மங்கும்; முகத்தைக் குறிவைத்தால் பெட்டி மங்கும். எஃப் 4-க்குச் சுருக்கினால் ஆழம் 29 சென்டிமீட்டர் ஆகும், ஒளி குறைந்துவிடும். இரண்டில் எது வேண்டும் என்பதைப் படமெடுப்பவர்தாம் தீர்மானிக்க வேண்டும். இந்தத் தீர்மானத்தை எளிதில் செய்யவிடும் காமிராவே நல்ல காமிரா. துளையை ஒரு விரலாலும் ஷட்டரை மறு விரலாலும் கண்ணை எடுக்காமல் மாற்ற முடிகின்றதா என்று கடையிலேயே பார்த்துவிடலாம். ஒவ்வொன்றிற்கும் திரையில் பட்டியல் திறந்து தேட வைக்கும் கருவியை, அது எவ்வளவு புதியதாயினும், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

லென்ஸின் குவியத் தொலைவு நாம் எங்கே நிற்கின்றோம் என்பதையும் முடிவு செய்கின்றது. இதைப் பற்றிக் கடையில் எவரும் பேசுவதில்லை. தமிழ் நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996) காட்டு யானைகளைப் படமெடுத்துப் புகழ்பெற்றவர். ஒரு காமிராவின் உடலையும் இன்னொன்றின் தொலைநோக்கு லென்ஸையும் தாமே இணைத்துக் கட்டி, அந்தக் கனத்த கருவிக்குச் ‘சூப்பர் பாண்டரோசா’ என்று வேடிக்கையாய்ப் பெயரிட்டிருந்தார். தமக்கு வேண்டிய படம் இன்னதென்று தெரிந்தவர், கடையில் கிடைக்காவிட்டால் தாமே செய்துகொள்கின்றார். ஆனால் யானையை எட்ட நின்று எடுப்பது அறிவுடைமை. மனிதரை எட்ட நின்று எடுப்பது வேறு. மட்டாஞ்சேரியில் நீண்ட லென்ஸோடு எதிர்த் திண்ணையில் நின்று, சுமை தூக்குவோர் முகத்தைத் திருடிச் செல்லும் வருகையாளரை நாள்தோறும் காணலாம். 35 மி.மீ. லென்ஸ் (ஏ.பி.எஸ்-சி உடலில்) அதற்கு இடங்கொடாது. நான்கடி, ஐந்தடி தொலைவுக்குப் போக வேண்டும். போனால் பேசாதிருக்க முடியாது. அன்று நாங்கள் பேச்சுக்கொடுத்தபோது துணி மடித்துக்கொண்டிருந்த ஓர் அக்கா சொன்னார்: “எடுத்துக்கிட்டுப் போறவங்க ஏராளம், தம்பி. கொண்டாந்து குடுத்தவங்களைத்தான் பார்த்ததில்லை.”

துணி காயும் திடலில் இன்னொரு பாடம் கிடைத்தது. முறுக்கிய கயிறுகளில் வரிசை வரிசையாய் வெள்ளைத் துணி, மேலே வெயில். காமிராவைத் தானியங்கு நிலையில் வைத்து எடுத்தால் துணியெல்லாம் பழுப்புச் சாம்பலாய் வரும். சலவையாளர் வெளுத்துத் தந்ததைக் காமிரா அழுக்காக்கிவிடுகின்றது. காரணம் எளிது. காமிராவின் மானி உலகம் முழுவதையும் நடுத்தரச் சாம்பல் என்று எண்ணிக்கொண்டு அளக்கின்றது. வெள்ளையைக் கண்டால் ‘ஒளி மிகுதி’ என்று குறைக்கும். கிடங்கிலுள்ள மிளகுக் குவியலைக் கண்டால் ‘ஒளி குறைவு’ என்று கூட்டி, கருமிளகையும் சாம்பலாக்கும். ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் ‘பிளஸ் மைனஸ்’ குறியிட்ட ஒரு பொத்தானோ சக்கரமோ இருக்கும். வெள்ளைக்குப் பிளஸ் ஒன்றரை, மிளகுக்கு மைனஸ் ஒன்று என்று வைத்துப் பார்க்க. அந்தச் சக்கரம் கட்டைவிரலுக்கு எட்டுமிடத்தில் இருப்பது ஐம்பது புதுவகை வசதிகளைவிட மேலானது. ‘ரா’ என்னும் பக்குவப்படுத்தாத கோப்பாகச் சேமிக்கும் வசதியும் வேண்டும். ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு நிறத்திற்கும் 256 படிகள். 14 பிட் ரா கோப்பில் 16,384. துணியின் மடிப்புகள் பிழைப்பது அங்கேதான்.

மெகாபிக்சலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏ4 தாளில் அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் தெளிவாய் அச்சிட 87 இலட்சம் பிக்சல் போதும். இன்று ஏ.பி.எஸ்-சி காமிராக்களில் பரவலாகக் காணும் 24 மெகாபிக்சலோ இருபது அங்குல அகலம் வரை தாங்கும். நம் மன்றத்து அறிவிப்புப் பலகை அவ்வளவு பெரியதன்று.

டி.எஸ்.எல்.ஆர். வாங்குவதா, மிரர்லெஸ் வாங்குவதா? உள்ளே ஆடி வைத்து லென்ஸின் வழியே நேராகக் காட்டுவது முன்னது. ஆடியின்றி உணரி கண்டதைச் சிறு திரையில் காட்டுவது பின்னது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வகையின் முதற் காமிராவான பானசோனிக் ஜி1 2008-இல் வந்தபின், தொழில் மெல்ல மெல்ல மிரர்லெஸ் பக்கம் சாய்ந்துவிட்டது. கேனனும் நிக்கானும் 2020-க்குப் பின் புதிய டி.எஸ்.எல்.ஆர். எதையும் கொண்டுவரவில்லை. மிரர்லெஸ்ஸில் படம் எப்படி வரும் என்பது பொத்தானை அமுக்குமுன்பே தெரிகின்றது. வெள்ளைத் துணி சாம்பலாவதைக் கண்ணாலேயே காணலாம். கற்பதற்கு அது பேருதவி. பணம் இருப்பவர் அதையே வாங்கலாம். பணம் குறைந்தவருக்கு, மற்றவர்கள் கழித்துப்போட்ட டி.எஸ்.எல்.ஆர். இன்று நல்வாய்ப்பு, லென்ஸும் மலிவு, மின்கலமும் நெடுநேரம் நிற்கும்.

பழையது வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. நிக்கான் டி3000, டி5000 வரிசை உடல்களில் குவியம் திருப்பும் மோட்டார் கிடையாது. ‘ஏ.எஃப்-டி’ என்று குறித்த பழைய 50 மி.மீ. லென்ஸ் மலிவாய்க் கிடைக்கின்றதே என்று வாங்கினால் கையால்தான் திருப்ப வேண்டும். ‘ஏ.எஃப்-எஸ்’ குறியுள்ளதைக் கேட்டு வாங்குக. ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்னும் எண்ணிக்கையைக் கேட்க. இவ்வகை உடல்களுக்கு ஓரிலட்சம் ஓரளவு ஆயுள் என்பர். எஃப் 16-இல் வெறும் வானத்தை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கினால் உணரியிலுள்ள தூசி தெரியும். லென்ஸின் பின்புறமிருந்து கைவிளக்கை அடித்து முன்புறம் பார்க்க: சிலந்தி வலைபோல் இழை தெரிந்தால் அது பூஞ்சணம், எவ்வளவு மலிவாயினும் திருப்பிக் கொடுத்துவிடுக.

பிலிம் காமிரா வாங்கலாமா என்று மூவருள் ஒருவர் ஆசையோடு கேட்டார். உதகையில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை 1967-இல் உற்பத்தி தொடங்கி ‘இந்து’ என்னும் பெயரில் பிலிம் தந்த காலம் ஒன்று இருந்தது. அந்த ஆலை மூடப்பட்டுவிட்டது. இன்று ஒரு சுருளுக்கு முப்பத்தாறு படம். சுருளுக்கும் விலை, கழுவவும் விலை. அசையும் கையைப் பிடிக்கப் பழக முந்நூறு படமாவது பாழாக வேண்டும். மாணவர் பை தாங்காது.

பூஞ்சணம் என்று சொன்னேனே, கொச்சியில் காமிராவுக்கு அதுவே முதற் பகை. எடவப்பாதி தொடங்கிவிட்டால் விடுதி அலமாரியில் செருப்பே பூத்துவிடுகின்றது, லென்ஸ் எம்மாத்திரம்? தோலுறையில் மூடிவைப்பது பூஞ்சணத்தைச் சோறிட்டு வளர்ப்பதற்கு ஒப்பு. காற்றுப் புகாத நெகிழிப் பெட்டி ஒன்று, அதில் சிலிக்கா ஜெல், சிறிய ஈரமானி ஒன்று போதும். ஈரப்பதம் 40-க்கும் 50-க்கும் இடையே நிற்கட்டும். அரிசியில் புதைத்து வைப்போர் உண்டு. அரிசியின் மாவு லென்ஸின் சந்துகளில் ஏறும், வேறு பயனில்லை. இவை எல்லாவற்றினும் சிறந்த மருந்து வாரம் ஒருமுறையேனும் காமிராவை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பயன்படுத்துவது.

நண்பர் பழைய நிக்கான் டி5600 உடல் ஒன்றையும் 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸையும் நாற்பதாயிரத்துக்குள் முடித்தார். ஜூம் லென்ஸ் வாங்கவில்லை. மிஞ்சியதில் நெகிழிப் பெட்டியும் ஈரமானியும் வாங்கியபின் பத்துப் படங்கள் அச்சிடப் பணம் இருந்தது. பெரியப்பா கையின் படம் ஒன்று, எஃப் 2.8, 1/125, ஐ.எஸ்.ஓ. 6400, கொஞ்சம் புள்ளிகள் உண்டு, கை தெளிவு. அதைப் பெரியப்பா வாங்கி நெடுநேரம் பார்த்துவிட்டு, இஸ்திரிப் பெட்டியின் பிடி தேய்ந்திருப்பதைச் சுட்டிக்காட்டினாராம். துணி மடிக்கும் அக்காவுக்கு மூன்று படங்கள் போய்ச் சேர்ந்தன.